அத்தைக்கு இருந்த நரம்பு

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்து மூலையில் சாய்த்து வைத்திருக்கும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, இது தேங்காய் திருவுவதற்கா, பரணில் கை எட்டுவதற்கா என்று கேட்பார்கள். இரண்டுக்கும் அது லாயக்கில்லை. தரையிலிருந்து நாலு விரற்கடை உயரம்தான் இருக்கும். டர்பன்டைன் என்று மலைநாட்டில் சொல்லும் யூகலிப்டஸ் மரத்தின் ஒரு துண்டு. அடியில் இரண்டு கட்டைகளை வைத்து ஆணி அடித்திருக்கிறது. ஒரு ஓரத்தில் பட்டையைக்கூடச் சீவவில்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் இன்னமும் மரத்தின் வாசம் வருகிறது என்று நான் சொல்வேன். அது தரை துடைத்த பினாயில் என்று என் மனைவி சொல்வாள். எங்கள் இல்லறத்தில் தீராமல் கிடக்கும் வழக்குகளில் அதுவும் ஒன்று. போன வெள்ளிக்கிழமை அந்தப் பலகை மூலையிலிருந்து கிளம்பி நடுக்கூடத்துக்கு வந்தது. ஏன் வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் எல்லாரும் என் மனைவியின் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள்.

அதே வாரத்தில்தான் கொழும்பில் இருக்கும் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். மறுநாள் அவளுக்கு வேலைக்கு நேர்முகத் தேர்வு. “நர்வஸா இருக்குப்பா” என்றாள். நல்ல தகப்பனாக இருந்தால், பயப்படாதே கண்ணு என்று இரண்டு வார்த்தை சொல்லியிருப்பான். நான் மொழிபெயர்ப்பாளன். ஹட்டனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் பின்பக்கம் மேசை போட்டு உட்கார்ந்து, ஊராரின் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதிப் பத்திரத்தையும் மூன்று மொழிகளுக்கு நடுவே சுமந்து திரிகிறவன். வார்த்தை என்று ஒன்று காதில் விழுந்தால் அதன் தாத்தா யார் என்று விசாரிக்காமல் என்னால் சும்மா இருக்க முடியாது. அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் நடுக்கம் என்று அர்த்தமே கிடையாது, தசைநார் முறுக்கேறிய பலசாலியைத்தான் இங்கிலீஷ்காரன் அப்படிச் சொன்னான், ஆகவே நீ தாராளமாக நர்வஸாக இருக்கலாம் என்று அவளுக்கு விளக்கினேன். “அப்பா, அம்மாகிட்ட போனைக் குடுங்க” என்றாள்.

அந்தச் சொல்லுக்குத் தாய், நர்வ் என்ற சின்னச் சொல். அதை எனக்கு அறிமுகப்படுத்தியது எந்த அகராதியும் இல்லை. என் மாமியார். அவருக்கு இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான். அவையும் தமிழாகிப்போய் வெகு காலம் ஆகியிருந்தது.

நான் ஹட்டன் கடைவீதியில் பிறந்தவன். அப்பாவுக்கு மளிகைக் கடை. கடையில் நிற்கச் சோம்பல்பட்டு, இங்கிலீஷ் தெரியும் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தேன். சேர்ந்த இடத்தில் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தியைப் பார்த்து, கலியாணமும் செய்துகொண்டேன். அவளுடைய அம்மா அந்தத் தோட்டத்திலேயே கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. ஆபீஸ் உத்தியோகத்தர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பெண் எடுப்பதா என்று குவாட்டர்ஸ் பக்கம் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது. அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது பெரிய துணிச்சல் என்று அன்றைக்கு ஒரு எண்ணம். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் என்று அதையே வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். துணிந்தது என் மனைவிதான் என்பது பிள்ளை பிறந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அத்தை அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. குரல் மட்டும் அந்த உடம்பில் எங்கே தங்கியிருந்தது என்று தெரியாது. மலையின் இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் அந்தப் பக்கம் கொழுந்தெடுப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆம்பிளைக் கங்காணிகள் அவர் வந்தால் பாதையின் ஓரத்துக்குப் போவார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கே பதில் சொல்லுவார். அப்பேர்ப்பட்டவர் எங்கள் குவாட்டர்ஸுக்கு வந்தால் வாசற்படியைத் தாண்டி இரண்டு எட்டுத்தான் வைப்பார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கதவோரம் நிற்பார். மருமகன் முன்னால் மாமியார் உட்காருவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. நேருக்கு நேர் பேசுவதும் இல்லை. நான் மூன்று முழம் தள்ளி உட்கார்ந்திருப்பேன். “மாப்புள்ளைக்குச் சீனி பத்துமான்னு கேளு” என்று மகளிடம் சொல்லுவார். மகள் என் பக்கம் திரும்பி, சீனி போதுமா என்பாள். போதும் என்று நான் அவளிடம் சொல்ல, அவள் அதை அம்மாவிடம் சொல்லுவாள். நான் பின்னாளில் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்; எங்கள் வீட்டில் அந்தத் தொழிலை முதலில் பார்த்தவள் அவள்தான்.

எனக்கு அது சங்கடமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் நாற்காலியை இழுத்துப் போடுவேன். அவர் அந்த நாற்காலியை, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். காலையிலிருந்து மலையேறி இறங்கிய கால்கள் என் முன்னால் நின்றுகொண்டே இருக்கும்.

இந்த நிலையில்தான் மரத்தின் பிரச்சினை வந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா, லயத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சரிவில் இருந்தது. அதற்குத் தலைக்கு மேலே ஒரு பழைய டர்பன்டைன் மரம். அந்த வருடம் மழை பிந்தி வந்தது. வந்ததும் கொட்டித் தீர்த்தது. மரத்தின் மேட்டுப் பக்கம் மண் வெடித்து, வேர் கையளவு வெளியே தெரிந்தது. வைகாசிக் காற்று அடிக்கிறபோதெல்லாம் தகரக் கூரையில் பட்டையும் சுள்ளியும் விழுந்து, உள்ளே பிள்ளைகள் அலறும். ஒருநாள் மத்தியானம் தொடை மொத்தத்துக்கு ஒரு கிளை கூரையைப் பொத்துக்கொண்டு நேரே ஒரு தொட்டிலில் இறங்கியது. தொட்டில் காலி. தாய்மார் பால் கொடுக்க வரும் நேரம் அது. அந்தக் குழந்தை அப்போதுதான் தாயின் மடிக்குப் போயிருந்தது.

அன்று சாயந்தரம் அத்தை வந்தார். கதவோரம் நின்றபடி, தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு ஒரு கடுதாசி எழுத வேண்டும் என்று மகள் வழியாகச் சொன்னார். நான் பேனாவை எடுத்தேன். தோட்டத்து மனுவுக்கென்று ஒரு இங்கிலீஷ் இருக்கிறது. பெரிய கிளாக்கரிடம் நான் அதைக் கற்றிருந்தேன். அதில் விஷயம் வருவதற்கு முன்னால் நாலு வரி குனிய வேண்டும். விஷயம் வந்த பிறகு இரண்டு வரி விழ வேண்டும். மிகுந்த தாழ்மையுடன், தங்கள் மேலான கருணையை, பாதம் பணிந்து இரந்து என்று நான் ஒரு பக்கம் நிறைய எழுதி, பெருமையாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அத்தை முழுவதையும் கேட்டார். பிறகு மகளைப் பார்த்தார்.

“மரம் எங்கடி வருது இதுல?”

கடைசி இரண்டு வரிக்கு முன்னால் வருகிறது என்று நான் சொன்னேன்.

“யாரு இங்க பிச்சை கேக்குறது? மாப்புள்ளைய இப்புடி எழுதச் சொல்லு. மரம் சாயுது. கீழ புள்ளைங்க இருக்கு. வெட்டுங்க. அம்புட்டுத்தான்.”

அம்புட்டுத்தான் எழுதினேன். மூன்று வரி. என் இங்கிலீஷ் அதற்கு முன்னாலும் பின்னாலும் அத்தனை சுத்தமாக இருந்ததில்லை. மறுநாள் பெண்கள் அதில் வரிசையாகக் கையெழுத்து வைத்து, எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்து, ஆபீஸ் ஜன்னல் வழியாக நீட்டினார்கள். தொழிலாளர் கொடுக்கும் எந்தக் காகிதமும் நேரே துரையிடம் போகாது. ஜன்னலில் நான் வாங்கி, வந்த திகதி முத்திரையைக் குத்தி, துரையின் மேசையில் வைக்க வேண்டும். அதுதான் முறை. நானும் வாங்கினேன், குத்தினேன். வைக்கத்தான் இல்லை.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது: கையெழுத்துகள் அவர்களுடையவை, எழுத்து என்னுடையது. ஆபீஸில் சம்பளம் வாங்கிக்கொண்டே, ஆபீஸுக்கு எதிராக மனு எழுதிக் கொடுத்த கிளாக்கர். அதுவும் ஒரு பணிவு இல்லாத மனு. என் நியமனம் அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. அடுத்த மாதம் கடிதம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். திரும்ப உட்கார்ந்தேன். மேசை டிராயரைத் திறந்து, மை அட்டைக்கு அடியில் கடுதாசியை வைத்து மூடினேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன். சத்தியமாக நாளைக்கு என்றுதான்.

அதன் பிறகு தினமும் சாயந்தரம் அத்தை கதவோரம் வந்து நிற்பார். “தொரை பாத்துட்டாரான்னு கேளு.” முதல் நாள், பார்க்கிறார் என்றேன். இரண்டாம் நாள், கண்டிக்குப் போயிருக்கிறார். ஒரு வாரம் கழித்து, மரத்தின் சுற்றளவு எவ்வளவு என்று கேட்கிறார். அத்தை ஒரு கயிற்றைக் கொண்டுபோய் மரத்தை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தார். நான் அந்தக் கயிற்றையும் வாங்கி அதே டிராயரில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்து அவர் கேட்டிருந்தால் இரண்டாம் நாளே பிடிபட்டிருப்பேன். வழக்கம் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கேள்வி மகளிடம் வரும். பதிலை நான் மகளிடம் கொடுப்பேன். பொய் கை மாறி, துடைத்துச் சுத்தமாகி அவரிடம் போய்ச் சேரும். இப்படியே பத்தொன்பது நாள். காற்று அடிக்கிற ராத்திரிகளில் மட்டும் எழுந்து உட்கார்ந்து, மேட்டுப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

இருபதாம் நாள் திங்கட்கிழமை. காலையில் ஆபீஸைத் திறக்கப் போன நான் படியிலேயே நின்றுவிட்டேன். வராந்தாவின் உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. கீழே பாய் விரித்திருந்தது. பதினாறு பிள்ளைகள். பால்மா டின், சுடுதண்ணீர்ப் போத்தல், ஈரத்துணிக்குக் கொடி எல்லாம் வந்திருந்தன. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா, ஆபீஸ் கதவில் சாய்ந்து ஒரு குழந்தைக்கு ஏப்பம் வர வைத்துக்கொண்டிருந்தார். தாய்மார் ஒருத்திகூட அங்கே இல்லை. நேரத்துக்குப் பெரட்டுக்குப் போய், பெயர் கொடுத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள். வேலை நிறுத்தம் என்று யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அத்தை மட்டும் வராந்தாத் தூணோரம் நின்றார்.

நான் ஆபீஸைத் திறந்து சற்றைக்கெல்லாம் பெரிய கிளாக்கர் வந்து, ஒரு குழந்தை கார்பன் தாளைத் தின்று வாயெல்லாம் நீலமாக இருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அது யாருடைய அனுமதி என்று என்னைக் கேட்டார். கார்பன் தாளைத் தின்பதற்கா என்று நான் கேட்டேன். பயம் வந்தால் எனக்கு வாயில் இப்படி ஏதாவது வந்துவிடும். அப்போது துரையின் ஜீப் வந்தது.

துரை கெட்ட மனிதர் இல்லை. சிங்களவர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஆபீஸில் எங்களோடு இங்கிலீஷ், தொழிலாளர்களோடு அவர் கற்ற தோட்டத்துத் தமிழ். தவழ்ந்து வந்த ஒரு பிள்ளையைத் தாண்டிக் காலை வைத்துவிட்டு, சுற்றிலும் பார்த்தார்.

“என்னா இது, கங்காணி?”

“புள்ளக் காம்பராங்க, தொரை. அங்க மரம் சாயுது. வெட்டுற வரைக்கும் இங்க.”

“சொல்றதுன்னா எழுதிக் குடுக்கணும் தானே. எழுதிக் குடுத்ததா?”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். கலியாணமாகி இரண்டு வருடத்தில் அவர் என் முகத்தை நேரே பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு நொடிகூட இருக்காது. பத்தொன்பது நாளும் அந்த நொடிக்குள் அவருக்கு விளங்கிவிட்டதை நான் கண்டேன். கண்டி, சுற்றளவு, கயிறு, எல்லாம். பிறகு துரையின் பக்கம் திரும்பினார்.

“இல்லீங்க. எங்களுக்கு எழுத யாரு இருக்கா. நேராவே வந்துட்டோம்.”

அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருந்த கத்தி என் விலாவில் எந்த இடத்தில் இறங்கியது என்று இப்போதும் தொட்டுக் காட்டுவேன். துரைக்கு அதில் கத்தி தெரியவில்லை. ஒரு கடுதாசிகூட இல்லாமல் தன் ஆபீஸைத் தொட்டிலாக்கியிருக்கிறார்கள் என்பதுதான் தெரிந்தது. முகம் சிவந்து என்னிடம் இங்கிலீஷில், “வாட் எ நர்வ்!” என்றார். தொடர்ந்து, இந்தக் கங்காணியின் பொறுப்பை இன்றோடு எடுத்துவிடுகிறேன், உடனே கடிதம் டைப் செய் என்றார்.

இருபத்தெட்டு வருடம் கொழுந்து கிள்ளி, பல ஆம்பிளைகளின் முணுமுணுப்பைத் தாண்டி அத்தை வாங்கிய பொறுப்பு அது. அதை எடுக்கும் கடிதத்தை என் கையால் டைப் அடிக்க வேண்டும். நான் உள்ளே போய் டைப்ரைட்டரைப் பார்த்தேன். டிராயரைப் பார்த்தேன். இந்த இடத்தில் நான் நிமிர்ந்து நின்று கணீரென்று உண்மையைச் சொன்னதாக எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. மழைக்கு ஊறிப்போயிருந்த டிராயர் சிக்கியது. வெடுக்கென்று இழுத்தேன். டிராயர் முழுவதுமாகக் கழன்று என் காலில் விழுந்தது. மை அட்டை, என் சீப்பு, பாதி கடித்த பிஸ்கட், முடிச்சுப் போட்ட கயிறு எல்லாம் சிதறின. கடுதாசி மட்டும் காற்றில் சறுக்கி வராந்தாவுக்குப் போனது. நீல வாய்க்காரன் அதைப் பிடித்துக்கொண்டான். பிடித்ததை வாயில் வைப்பது அவன் கொள்கை. அவனுக்கு என்னைவிட வேகமாகத் தவழத் தெரியும். ஆக, என் வாழ்க்கையின் துணிச்சலான காரியத்தை நான் நாலு காலில், ஒன்றரை வயதுப் பிள்ளையின் பின்னாலேயே, இரண்டு தொட்டிலுக்கு அடியில் நுழைந்து செய்துமுடித்தேன். ஒரு மூலை எச்சிலில் ஊறிய கடுதாசியை, முட்டிக்கால் போட்டபடியே துரையிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். மூன்று வரிதான், ஆனாலும் வெகுநேரம் படித்தார். பழக்கத்தில் நான் குத்திய வந்த திகதி முத்திரை அதில் பளிச்சென்று இருந்தது.

“உன் எழுத்துதானே?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“யெஸ்” என்றேன். யெஸ் சேர் என்று மரியாதையாகச் சொல்ல மறந்துபோனது. துணிச்சல் இல்லை, மூச்சு அவ்வளவுதான் மிச்சமிருந்தது.

துரை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முத்திரையைப் பார்த்தார், தொட்டில்களைப் பார்த்தார், பிறகு அத்தையிடம், மரத்தைக் காட்டச் சொன்னார். இரண்டு பேரும் மேட்டில் ஏறிப் போனார்கள். வெடித்த மண்ணுக்குள் துரை தன் கைத்தடியை விட்டுப் பார்த்தாராம்; முக்கால் தடி உள்ளே போனதாம். மத்தியானத்துக்குள் கயிறும் வாளும் ஆட்களும் வந்தார்கள். சாயந்தரம் மரம் தேயிலை மலைப் பக்கம், யாருமில்லாத இடத்தில், படுத்துவிட்டது. பொறுப்பை எடுக்கும் கடிதத்தைப் பற்றித் துரை திரும்பக் கேட்கவில்லை. என் நிரந்தர நியமனம் மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போனது. அது நியாயம்தான் என்று அப்போதே எனக்குத் தெரியும். பெரிய கிளாக்கரிடம் அநியாயம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அத்தை வந்தார். கையில் அந்தப் பலகை. மரம் முழுக்கத் தேயிலை ஆலைக்கு விறகாகப் போயிருந்தது. அதில் ஒரு துண்டை யாரைக் கேட்டு எடுத்தார் என்று நான் இதுவரை விசாரித்ததில்லை. பயத்தில் பழக்கப்படி நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. கதவோரத்தைத் தாண்டினார். கூடத்துக்குள் வந்து, பலகையை எனக்கு எதிரே, இரண்டு முழத்தில் வைத்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு அதில் உட்கார்ந்தார். என்னைவிடத் தாழ்வாகத்தான் இருந்தார், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தார். அடுப்படி வாசலில் என் மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“பத்தொம்போது நாளு, மாப்புள்ள” என்றார், என்னிடமே. “இனிமே எங்கிட்ட பொய் சொல்றதா இருந்தா மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அதுக்குத்தான் ஒக்காந்துருக்கேன்.”

நான் டீக் கோப்பையைப் பார்த்தேன். டீ ஆறுது, குடிங்க என்றார். நானும் குடித்தேன். அன்று சீனி போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அதன்பிறகு அந்தப் பலகை எங்கள் கூடத்தில் தங்கிவிட்டது. ஒருநாள் அதில் உட்கார்ந்தபடி அத்தை கேட்டார், அன்றைக்குத் துரை இங்கிலீஷில் என்ன சொன்னார் என்று. நர்வ் என்றார் என்று சொன்னேன். நரம்பு என்று அர்த்தம். என் நரம்பு அவருக்கு என்ன செய்தது என்றார். நியாயமான கேள்வி. மறுநாள் பெரிய கிளாக்கரின் தடித்த அகராதியை, அது காகிதங்களுக்குப் பாரம் வைக்கும் உத்தியோகத்தில் இருந்தது, வேலையிலிருந்து விடுவித்து எடுத்துப் பார்த்தேன்.

அந்த ஒரு சொல் நடந்த தூரம் என்னை அசர வைத்தது. லத்தீனில் அது வெறும் தசைநார். ஆட்டை உரிக்கும்போது இழுத்தால் வராமல் எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்குமே, அது. அந்த நாரை முறுக்கி வில்லுக்குக் கட்டினார்கள். வில்லின் நாணுக்கும் அதே பெயர் ஆனது. இங்கிலீஷில் வந்து முதலில் உடல் வலுவாக இருந்து, பிறகு மனதின் வலுவாகி, துணிச்சல் என்று நிலைத்தது. துணிச்சல் கொஞ்சம் அதிகமாகி, யார் முன்னால் துணிந்தாய் என்ற கேள்வி வந்தபோது, திமிர் என்றும் ஆனது. இதற்கிடையில் அதன் பிள்ளையான நர்வஸ், பலசாலி என்று பிறந்து, வளர்ந்து, கடைசியில் கைகால் நடுங்கி நிற்கிறவனுக்குப் பெயரானது. ஒரே வீட்டில் தாய் வில்லேந்தி நிற்க, பிள்ளை கட்டிலுக்கு அடியில். எங்கள் தமிழும் சளைத்ததில்லை. நம் நரம்பு யாழில் தந்தியாக இருந்திருக்கிறது. தேயிலை இலையில் ஓடுகிறது. ஹட்டன் பஸ் நிலையத்துச் சுவரில் மட்டும் எப்போது பார்த்தாலும் தளர்ச்சி அடைந்து லேகியம் தேடுகிறது. வில்லின் கயிற்றுக்கு நாம் வைத்த பெயரோ நாண். அதே ஒலியில் வெட்கத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். வேர் ஒன்றா இரண்டா என்று பண்டிதர்கள் சொல்லட்டும். அந்தக் கயிறு அங்கே போய்த் துணிச்சலானது, இங்கே நின்று கூச்சப்பட்டது என்று எனக்கு ஒரு நினைப்பு. முந்தானையால் தோளை மூடிக்கொண்டு கதவோரம் நின்றதும், ஆபீஸ் உத்தரத்தில் தொட்டில் கட்டியதும் ஒரே அத்தைதானே.

இதையெல்லாம் நான் ஒரு மணி நேரம் விளக்கினேன். அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

“அப்ப தொரை என்னையத் திட்டுனாரா, மெச்சுனாரா?”

திட்டத்தான் திட்டினார், ஆனால் மேட்டில் ஏறி இறங்கிய பிறகு அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் மெச்சியிருப்பார் என்றேன்.

“வார்த்தைய மாத்தாமலேயா?”

“மாத்தாமலேதான், அத்தை.”

அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, அடுப்படியைப் பார்த்துச் சொன்னார். வழக்கம் மறந்துவிடவில்லை என்று காட்டவோ, என்னைச் சீண்டவோ தெரியாது. “ஒம் புருசனுக்கும் அந்த நரம்பு இருக்குடி. இப்பதான் தவழுது.”

பல வருடங்களுக்குப் பிறகு அத்தை வேலையை விட்டு எங்களோடு ஹட்டனுக்கு வந்தார். பஸ்ஸில் வந்த சாமான்களில் பலகையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என் மேசைக்கு வரும் மனுக்களை மாலையில் வாசித்துக் காட்டச் சொல்லுவார். நாலாவது வரி தாண்டியும் விஷயம் வராவிட்டால், மரம் எங்க என்பார். அவருக்காகவே பல பேரின் தாழ்மையை நான் வெட்டியிருக்கிறேன். முந்தின மழைக்கு முந்தின மழையில், ஒரு மத்தியானத் தூக்கத்தில், யாரையும் தொந்தரவு செய்யாமல் போய்ச் சேர்ந்தார். அவ்வளவு பெரிய குரலுக்கு அவ்வளவு சின்னப் போக்கு. பலகை மூலைக்குப் போனது.

இனி வெள்ளிக்கிழமை. எங்கள் சந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாண்டும் ஒரு சின்னப் பாலம், ஒரு பக்கம் இடிந்து கிடக்கிறது. சந்துக்காரர்கள் கையெழுத்து வைத்து, சிங்களத்தில் எழுதி உரிய இடத்தில் கொடுக்கும்படி என்னிடம் தந்திருந்தார்கள். எழுதியாகிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் இருக்கும் அதிகாரி எனக்கு வேண்டியவர், அடிக்கடி வேலை தருகிறவர். அவரிடம் போய் இதை நீட்டுவது எப்படி என்று ஒரு யோசனை. யோசனைக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள், பாலத்துக் கடுதாசியைக் கொடுத்தாச்சா என்று. கொடுத்தாச்சு, பார்க்கிறார் என்றேன்.

அவள் மூலைக்குப் போனாள். பலகையை எடுத்தாள். பட்டை ஒட்டிய ஓரத்தை முந்தானையால் துடைத்தாள். என் நாற்காலிக்கு எதிரே இரண்டு முழத்தில் போட்டு, உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

அறுபதை நெருங்குகிறவன் நான். மகள் சொன்ன அந்த வார்த்தை, இன்றைய அர்த்தத்தில், என் முட்டிக்காலில் நின்று ஆடியது. எழுந்து போய் வீட்டு மேசையின் டிராயரைத் திறந்தேன். நல்லவேளை, இந்த முறை சிக்கவில்லை.